எடைமேடையில் மணி ஒன்று

சோஹார் துறைமுகம், மூன்றாம் வாயில்.
லாரிக்கு எடை போடும் கூண்டில் நான்.
தடுப்புக் கம்பத்தடியில் காவலுக்கு வஸ்வா.
காலை ஏழுக்கு உள்ளே வந்த சுண்ணாம்புக்கல் லாரிக்குப்
பதிவேட்டில் எழுதியிருந்தான்: மணி ஒன்று.

டிமெல்லோ சிவப்பு மையில் சுழித்தார்.
காரணம்: தூக்கக் கலக்கம்.
அரைநாள் சம்பளம் போயிற்று.

தூங்கவில்லை, என்றான் என்னிடம்.
இரவு முழுக்க நின்றவனின் கை
கேட்காமல் தன் மொழியில் எழுதிவிட்டது.
எங்கள் ஊரில் சூரியன் வந்து ஒரு மணி நேரமானால்
மணி ஒன்று.
நாள் நள்ளிரவில் பிறக்கிறது என்று
எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன்
தூக்கம் வராத யாரோ.

கம்பாலாவில் தத்துவம் படித்தவன்.
ஆய்வேடு பாதியில் நிற்கிறது.
கட்டணத்துக்குக் காசு சேர்க்க வந்து
ஆறு வருடம்.

எனக்குப் புல்லரித்தது.
எங்களிடமும் உண்டு வஸ்வா, நாழிகை என்று பேர்,
உதயத்தில் தொடங்கும், நாளுக்கு அறுபது,
என்றேன், ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி.
இப்போது எங்கே இருக்கிறது?
யோசித்தேன்.
கல்யாணப் பத்திரிகையில்.
யாரும் படிக்காத வரியில்.

சிரித்துவிட்டுச் சொன்னான்:
என் முதல் அத்தியாயம் முழுக்கக் கோபம்.
எங்களுக்குச் சிந்திக்கத் தெரியாது என்றவர்களுக்குப் பதில்.
இரண்டாவது அதைவிட மோசம், பெருமை.
பாட்டு, பழமொழி, முரசு,
அகப்பட்டதையெல்லாம் மூட்டை கட்டித்
தத்துவம் என்று சீட்டு ஒட்டினேன்.

ஹாரன்.
நாற்பத்திரண்டு டன் முந்நூறு. அடுத்தது.

கொடி மாறியது, பாடப்புத்தகத்தில் ஒரு சொல் மாறவில்லை:
அவர்கள்.
‘இறந்தவர் திரும்பி வருவதாக அவர்கள் நம்புகிறார்கள்.’
யாரப்பா அந்த அவர்கள்?
என் அம்மா நம்பினாள்.
சித்தி, அதே அடுப்பில் வாழைக்காய் வேகவைத்தபடி,
போனவர் போனவர்தான் என்றாள்.
பன்னிரண்டு வருடச் சண்டை.
வெள்ளைக்காரர் எழுதிய புத்தகத்தில் அது இல்லை.
எங்கள் பேராசிரியர் எழுதியதிலும் இல்லை.
நான் எழுதிய இரண்டு அத்தியாயத்திலும்
இல்லை.

கிளியரிங் ஏஜென்ட் நஸ்ஸோர் சீட்டு வாங்க வந்தவர்
சிவப்புச் சுழியைப் பார்த்து நின்றார்.
ஸா மோஜா!
சான்சிபாரில் பிறந்த என் அம்மா
இந்த ஊரில் நாற்பது வருடம் இருந்தும்
கடைசிவரை இப்படித்தான் மணி சொன்னாள்.
அப்புறம் கொஞ்சம் மிதப்போடு:
அந்த ஸா இருக்கிறதே, எங்கள் அரபுச் சொல்,
இந்தக் கரையிலிருந்து பாய்மரம் ஏறிப் போனது.

வஸ்வா தன் மொழியில் அதைச் சொல்லிப் பார்த்தான்.
ஸாவா. ஸாவா எமு.
தன் பல்லுக்கிடையில்
வேறு யாருடையதோ மணல் கடிபட்டதுபோல.

பிறகு மெதுவாகக் கேட்டான்:
படகில் சொல் வந்தது, சரி.
திரும்பும்போது காலியாகவா வந்தது?

நஸ்ஸோர் கடலைப் பார்த்தார்.
சீட்டை நாலாக மடித்தார்.
யார் யார் வந்தார்கள் என்று
எங்கள் வீட்டிலும் பேசுவதில்லை, என்றார்.

அவர் வண்டி போன பிறகு
மேடையின் இரும்புத் தகட்டை
பூட்ஸ் நுனியால் தட்டினான் வஸ்வா.
நீ லாரியை இரண்டு தடவை நிறுத்துகிறாய்,
சரக்கோடு ஒன்று, வெறுமையாக ஒன்று.
கழித்தால் கணக்கு வந்துவிடுகிறது.
நானும் அப்படித்தான் தேடினேன்,
யாரும் எதையும் ஏற்றாத காலத்து எங்களை.
ஒரு சொல்லைக்கூட
காலியாக நிறுத்த முடியவில்லை.
அம்மாவும் சித்தியும் போட்ட சண்டை இருக்கிறதே,
அதைச் சரக்கோடுதான் எடைபோட வேண்டும்.
மூன்றாவது அத்தியாயம் அங்கே தொடங்கலாம்.
கட்டணம் சேர்ந்தால்.

மறுநாள் பதிவேட்டில் 07:00 என்றே எழுதினான்.
ஓரத்தில் பென்சிலால், கொசுவளவு, ஒரு 1.
டிமெல்லோ கண்ணாடி மாற்றும்வரை தெரியாது.

பட்டான் டிரைவர் ஜன்னல் இறக்கிக் கத்தினான்:
பாய், டைம் என்ன?
வஸ்வா என்னைப் பார்த்தான்,
கிடங்குக் கூரைக்கு மேல் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்தான்.
கம்பத்தைத் தூக்கினான்.
வெயில் வருகிறது, சீக்கிரம் போ.